குற்றாலத்துச் சில்லறையும் தாத்தாவின் ஊதாச் சீட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

சாரல் நன்றாக விழுகிறது என்று போன வாரம் பேரனைக் கூட்டிக்கொண்டு தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டரிடம் சில்லறை இல்லை. டிக்கெட்டின் பின்னால் '6' என்று எழுதி ஒரு வட்டம் போட்டு, "எறங்கும்போது வாங்கிக்கோங்க ஐயா" என்றார். இறங்குகிற அவசரத்தில் மறந்துபோனேன். பஸ் போய்விட்டது. பேரன் அந்த டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, இது இப்ப ஆறு ரூபாயா, வெறும் பேப்பரா?"

நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்கு நான் 34 வருடம் வகுப்பில் பாதிப் பதில்தான் சொல்லியிருக்கிறேன். அதைச் சரிசெய்யத்தான் இந்தப் பதிவு.

என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இரண்டாம் உலகப்போர் பாடம் வந்தால், "எங்க தாத்தாவும் நோட்டு அடிச்சாரு தெரியுமாலே" என்று ஆரம்பிப்பேன். தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான். 1943 சாரலில் குற்றாலத்தில் சில்லறை இல்லாமல் ஊரே திண்டாடியபோது, பேரருவிக்குப் போகிற வழியில் கடை வைத்திருந்த என் தாத்தா அட்டையை வெட்டித் தானே 'காசு' போட்டு ஊருக்கு உதவினார் என்று சொல்லுவேன். அதில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

முதலில் சில்லறை ஏன் காணாமல் போயிற்று என்று சொல்லிவிடுகிறேன்.

அப்போது ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 காலணா. ஆக ரூபாய்க்கு 64 காலணா. ஏழைகளின் அன்றாடம் முழுக்க இந்தக் காலணா, அரையணாவில்தான் ஓடியது. போர் வந்ததும் செம்புக்கும் நிக்கலுக்கும் ராணுவத்தில் தேவை கூடிவிட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனது. ஏப்ரல் 5-இல் கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. சென்னைப் பட்டணத்திலிருந்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் யாருக்குக் காகிதத்தின் மேல் நம்பிக்கை வரும்? நாளைக்கு ராஜாங்கமே மாறினாலும் வெள்ளி வெள்ளிதான், செம்பு செம்புதான். கையில் வந்த நாணயத்தை எல்லாரும் பானையில் போட்டுப் புதைத்தார்கள். தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பது குற்றம் என்று 1940-இலேயே அரசு உத்தரவு போட்டிருந்தது. புதைத்தவன் சொல்லிவிட்டா புதைக்கிறான்?

அரசும் சும்மா இருக்கவில்லை. 1940-இல் வெள்ளி ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். விக்டோரியா ராணி தலை போட்ட பழைய ரூபாயைத் திரும்ப வாங்கினார்கள், அடுத்து எட்வர்ட் ராஜா தலை, அடுத்து ஐந்தாம் ஜார்ஜ் தலை. 1940 ஆகஸ்டில் ஒரு ரூபாய் நோட்டை மறுபடி கொண்டுவந்தார்கள். 'மறுபடி' என்று ஏன் சொல்கிறேன் என்றால், முதல் உலகப்போரிலேயே இதே தட்டுப்பாடு வந்து, 1917 நவம்பர் 30-இல் ஒரு ரூபாய் நோட்டும், அதைத் தொடர்ந்து இரண்டு ரூபாய் எட்டணா நோட்டும் வந்திருந்தன. இரண்டேகால் இல்லை, மூன்று இல்லை, இரண்டரை! ஐந்து ரூபாயில் சரிபாதி. 1926 ஜனவரி 1-இல் அவற்றை நிறுத்திவிட்டார்கள். இரண்டாம் போரிலும் அந்த இரண்டரை ரூபாயைக் கொண்டுவரலாமா என்று யோசித்துவிட்டு, 1943 மார்ச் 3-இல் இரண்டு ரூபாய் நோட்டாக வெளியிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. நோட்டு பெருகப் பெருக அதை மாற்ற அதிகச் சில்லறை வேண்டும். ராணுவச் செலவால் ஊரெல்லாம் நோட்டு புழங்குகிறது, காலணாவைத்தான் காணோம். அச்சடிக்கும் சாலைகள் இரவு பகலாக ஓடியும் போதவில்லை. லாகூரில் புதிதாக ஒரு நாணயச் சாலையே திறந்தார்கள். 1943-இல் நம் பாட்டிமார் எல்லாரும் சொல்லும் ஓட்டைக் காலணா வந்தது. நடுவில் பெரிய ஓட்டை, எடை பழைய காலணாவில் பாதிகூட இல்லை. உலோகத்தை மிச்சப்படுத்தப் போட்ட ஓட்டை அது. நம் ஆட்கள் அதில் கயிறு கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

தாத்தா கடைக்கு வருகிறேன்.

பெரிய கடை ஒன்றும் இல்லை. நல்லெண்ணெய், சீயக்காய், வெற்றிலை பாக்கு, பீடி, பொரிகடலை, உப்பு. மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் குளிக்க வருகிறவர்கள் ஒரு ரூபாய் நோட்டை நீட்டி, அரையணாவுக்கு எண்ணெய் கேட்பார்கள். மீதி பதினைந்தரை அணாவுக்கு எங்கே போவது? இன்னொரு பக்கம் செங்கோட்டைக்காரர்கள். இப்போது தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே ஒரு வித்தியாசமும் தெரியாது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அங்கே காசே வேறு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் வேண்டுமென்றால் 28 சக்கரமும் 8 காசும் கொடுக்க வேண்டும். ஐந்து மைலுக்குள் இரண்டு கணக்கு. தாத்தாவின் குறிப்பு நோட்டில் சக்கரத்துக்கென்று தனிப் பத்தியே இருக்கிறது. சில்லறை தட்டுப்பட்டபோது செங்கோட்டைச் சக்கரத்தையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். அதுவும் போதவில்லை.

கடைசியில் பழைய காலண்டர் அட்டையைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டினார். நாக்கில் தொட்டு எழுதும் காப்பியிங் பென்சில் ஒன்று அந்தக் காலத்தில் உண்டு. காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறமாக எழுதும், ஈரம் பட்டால் ஊதாவாகிவிடும். அந்தப் பென்சிலால் காலணா, அரையணா, ஓரணா என்று பழைய பின்னக் குறியில் எழுதி, கீழே ஒரு சுழி போட்டுக் கையெழுத்து. இதுதான் அவருடைய 'நோட்டு'. எண்ணெய் வாங்கினவருக்கு மீதியைச் சீட்டாகக் கொடுப்பார். அவர் அதைக் கொடுத்துப் பக்கத்தில் பலாச்சுளை வாங்குவார். பழக்காரம்மா அதை ஜட்கா வண்டிக்காரருக்குக் கொடுப்பார். வண்டிக்காரர் தாத்தாவிடம் வந்து பீடி வாங்குவார். சீட்டு வீடு வந்து சேர்ந்துவிடும்.

சட்டப்படி இது தப்பு. கேட்டவுடன் கொண்டுவருபவருக்குப் பணம் தருகிற சீட்டை ரிசர்வ் வங்கியும் மத்திய அரசும் தவிர வேறு யாரும் வெளியிடக் கூடாது என்று 1934-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு சொல்கிறது. உலோகத்தில் செய்தாலும் தப்பு. அதற்கு 1889-இலேயே தனிச் சட்டம். "யாரு தாத்தாவப் பிடிக்க? போலீஸ்காரரும் அந்தச் சீட்டுலதான் பீடி வாங்குனாரு" என்று அத்தை சிரிப்பாள்.

இதுவரைதான் வகுப்பில் சொன்னது.

மீதியைச் சொன்னதும் அந்த அத்தைதான். அவள் கண்ணை மூடுவதற்கு இரண்டு வருடம் முன்னால், நான் ஓய்வு பெற்ற புதிதில், பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து தாத்தாவின் குறிப்பு நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். 1943-இல் அவளுக்குப் பத்து வயது. கடையில் பொட்டலம் மடிப்பது அவள் வேலை.

மலையிலிருந்து பழம் கொண்டுவந்து விற்கும் ஒரு அம்மா, வாரக் கடைசியில் சேர்ந்த சீட்டுகளைக் கொண்டுவந்து உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிப் போவாளாம். ஒரு நாள் அடைமழை. சாரல் என்றால் நமக்குத் தெரியாதா, நனையாமல் இருக்க முடியுமா? மடியில் முடிந்திருந்த சீட்டெல்லாம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே ஊதா உருண்டையாகிவிட்டது. அவள் சேலை முந்தானையிலும் ஊதாக் கறை. உருண்டையைக் கடைப் பலகையில் வைத்தாள்.

தாத்தா புரட்டிப் பார்த்தார். "எழுத்தே இல்லையே ஆத்தா. எத்தனையின்னு எண்ணுறது?"

"நான் எண்ணித்தான முதலாளி வாங்குனேன். ஏழு சீட்டு. நாலேகால் அணா."

"நீ சொல்லுத. சீட்டு சொல்லணும்லா."

அவள் கொஞ்ச நேரம் நின்றாளாம். பிறகு உருண்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ராத்திரி ஆச்சி தாத்தாவுக்குத் தெரியாமல் கால்படி உப்பைக் கட்டி அத்தை கையில் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அந்த அம்மா வாங்கவில்லை. "சீட்டுக்குன்னா வாங்குவேன். சும்மாவா வேண்டாம்" என்று சொல்லிவிட்டாளாம். அதற்கப்புறம் அவள் எங்கள் சீட்டை யாரிடமும் வாங்கவில்லை. மற்றப் பழக்காரர்களும் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

குறிப்பு நோட்டில் என்ன இருக்கிறது தெரியுமா? கொடுத்த சீட்டு மொத்தம் 212 அணாவுக்கு. திரும்பி வந்தது 171 அணாவுக்கு. பாக்கி 41 அணா, அதாவது 2 ரூபாய் 9 அணா. அந்தக் காலத்தில் சில நாள் கூலி. அதன் பக்கத்தில் தாத்தா கையெழுத்தில் ஒரு சொல்: 'லாபம்'.

அவரைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. கணக்கில் கறாரானவர். எடை குறைத்து விற்றதில்லை என்று ஊரில் பெயர் உண்டு. சீட்டுப் போட்டதும் நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அந்த 41 அணாவில் வழிப்போக்கர்கள் மறந்துபோனது எவ்வளவு, நனைந்து அழிந்தது எவ்வளவு என்று நோட்டு பிரித்துச் சொல்லவில்லை. நனைந்தது யாருடையது என்று எனக்குத் தெரியும். குளிக்க வந்தவர் சீட்டைக் கரையில் துணியோடு வைத்துவிட்டுப் போவார். நாள் முழுக்க மழையில் நின்று விற்றவளின் மடிதான் நனையும். இதை வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். நோட்டு கைக்கு வந்தபோது ஓய்வு பெற்றிருந்தேன் என்பது ஒரு சாக்கு. அதற்குப் பிறகு நீங்கள் நடத்திய மூன்று பழைய மாணவர் சந்திப்பிலும் அதே பாதிக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன்.

நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை இது. அதே 1943 வாக்கில் வடக்கே பிக்கானேர், மோர்வி, நவாநகர், ஜுனாகத், கோண்டல், பூந்தி, சைலானா போன்ற சமஸ்தானங்கள் ஓரணா, அரையணா, காலணாவுக்கெல்லாம் சிறு அட்டைக் கூப்பன் அடித்தன. ராஜா முத்திரை உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். அளவில் தாத்தா சீட்டைவிடப் பெரிதாக இருக்காது. இலங்கையில் 1942-இல் சதக் கணக்கில் காகித நோட்டு வந்தது. அதில் ஐந்து சத நோட்டு ஒரு அதிசயம். தபால்தலை அச்சைக் கொண்டு மூன்று சதம் ஒரு பாதி, இரண்டு சதம் ஒரு பாதி, நடுவில் தபால்தலைக்குப் போடுவதுபோல் துளை வரிசை. சில்லறை வேண்டுமானால் அப்படியே கிழித்துக் கொடுக்கலாம்! நம் மாவட்டத்திலிருந்து தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குப் பிழைக்கப் போனவர்கள் எத்தனையோ பேர் அதைக் கிழித்திருப்பார்கள்.

மலாயா, சிங்கப்பூர் பக்கம் கதை இன்னும் மோசம். கடையநல்லூர், தென்காசியிலிருந்து போன முஸ்லிம் குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் ஒரு சதத்துக்குக்கூடக் காகிதம்தான். பத்து டாலர் நோட்டில் வாழைமரம் போட்டிருந்ததால் எல்லாவற்றுக்கும் 'வாழைமரக் காசு' என்று பெயர் விழுந்தது. 1945-இல் பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்ததும் அது செல்லாது என்று சொல்லிவிட்டான். எண்பதுகளில் கடையநல்லூர்ப் பையன் ஒருவன் அப்படி ஒரு கட்டை வகுப்புக்குக் கொண்டுவந்தான். அவன் தாத்தா நான்கு வருட உழைப்பைத் தகரப் பெட்டியில் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தவர். பையன்கள் அதை வைத்துச் சீட்டு விளையாடினார்கள். நானும் சிரித்தேன். அவன் சிரித்தானா என்று அப்போது கவனிக்கவில்லை.

தண்ணீர் விஷயத்துக்கு அமெரிக்காவிலும் ஒரு சாட்சி இருக்கிறது. 1862-இல் அங்கே உள்நாட்டுப் போர். சில்லறை மறைந்ததும் ஜனங்கள் தபால்தலையைக் காசாகக் கொடுத்தார்கள். பின்னால் பசை. வியர்வைக் கையில் ஒட்டிக்கொண்டு நாசம். ஒருவர் தபால்தலையைப் பித்தளைச் சிமிழில் மைக்கா மூடி போட்டு அடைத்து விற்கக் காப்புரிமையே வாங்கினார். அரசும் தபால்தலைப் படம் போட்ட சிறு நோட்டை அச்சிட்டது. ரஷ்யா 1915-இல் புத்தி தெளிந்து, பசையே இல்லாமல் தடித்த அட்டையில் தபால்தலை அடித்து, இது வெள்ளிச் சில்லறைக்குச் சமம் என்று பின்னால் எழுதிவிட்டது.

ஜெர்மனிக்காரர்களிடம் தாத்தா தோற்றார். 1914-இலிருந்து அங்கே ஊருக்கு ஊர், நகராட்சிக்கு நகராட்சி அவசர நோட்டு. காகிதம் போதாதென்று பட்டுத்துணி, தோல், பீங்கான் வரை போனார்கள். அழகழகான படம் போட்டதால் சேகரிப்பவர்கள் வாங்கி ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டார்கள். ஒட்டினவன் திரும்பக் கொண்டுவந்து பணம் கேட்கப் போவதில்லை. அது தெரிந்ததும், சில்லறைத் தட்டுப்பாடு இல்லாத ஊரெல்லாம்கூட ஆல்பத்துக்காகவே அச்சடித்தன. அவர்கள் கணக்கு நோட்டிலும் 'லாபம்' என்று ஒரு பத்தி இருந்திருக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகும் நமக்குச் சில்லறைக் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. எண்பதுகளில் எவ்வளவு தட்டுப்பாடு என்றால் 1985-இல் ஒரு ரூபாய் நாணயத்தையே இங்கிலாந்தில் அடித்துக் கப்பலில் கொண்டுவந்தோம். ஐம்பது காசு கொரியாவிலிருந்து வந்தது. 1988-இல் நொய்டாவில் நாணயச் சாலை திறந்தார்கள். உங்களில் அந்தக் காலத்தில் படித்தவர்களுக்குத் தெரியும்: பள்ளிக்கூடத்து வாசல் கடையில் பத்துப் பைசா மீதிக்குப் புளிப்பு மிட்டாய், பெரியவர்களுக்குத் தீப்பெட்டி. கோவில்பட்டியும் சிவகாசியும் பக்கத்தில் இருக்கும்போது தீப்பெட்டிக்கா பஞ்சம்? ஆனால் அதே தீப்பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்து மிட்டாய் கேட்டால் கடைக்காரர் முறைப்பார். அந்தக் காசு ஒருவழிப் பாதை. தாத்தாவின் சீட்டாவது காய்ந்திருந்தால் திரும்ப ஏற்றுக்கொள்ளப்பட்டது.

2016 நவம்பர் 8-க்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஒரே வாரத்தில் கார்த்திகை பிறந்து ஐயப்ப சாமிமார் கூட்டம் குற்றாலத்துக்கு வந்துவிட்டது. கையில் புது இரண்டாயிரம் ரூபாய் நோட்டு, மாற்ற ஆளில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையில் பில்லுக்குப் பின்னால் மீதியை எழுதி ரப்பர் ஸ்டாம்பு குத்திக் கொடுத்ததை நானே வாங்கினேன். பக்கத்து இலையில் சாப்பிட்ட சாமி ஆந்திராக்காரர். அவருக்கும் ஒரு சீட்டு. அவர் மறுபடி எப்போது குற்றாலம் வருவார்? அதை அங்கேயே கடைக்காரரிடம் கேட்டேன். "அடுத்த வருஷமும் வருவாங்க சார்" என்று சொல்லிச் சிரித்தார். அதே வருடம் பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தியும் கிளம்பியது. ரிசர்வ் வங்கி 2016-இல் ஒருமுறை, 2018 ஜனவரியில் ஒருமுறை, 14 வடிவமும் செல்லும் என்று அறிக்கை விட்டும் நம் பக்கத்தில் வாங்க மறுத்தவர்கள் உண்டு. அரசாங்கமே அடித்த உலோகக் காசுக்கு இந்த நிலைமை.

டிக்கெட்டுக்கு வருகிறேன். பேரன் கேட்ட கேள்விக்குப் பதிலாக அருவிக்கரையிலேயே இந்தக் கதை முழுவதையும், ஊதா உருண்டை உட்பட, முதல்முறையாகச் சொன்னேன். "அந்தப் பாட்டிக்கு நாலேகால் அணா இப்ப எவ்வளவு தாத்தா?" என்றான். ஓர் அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒன்று, ஆறேகால் பைசா. நாலேகால் அணாவுக்கு இருபத்தாறரைப் பைசா என்றேன். "அவ்வளவுதானா!" என்றான். விலைவாசியைப் பற்றி இன்னொரு நாள் பாடம் எடுக்க வேண்டும்.

திரும்பும்போது மங்குஸ்தான் வாங்கினோம். எல்லாரும்போல அந்தம்மாவும் பிளாஸ்டிக் உறைக்குள் கியூஆர் அட்டை தொங்கவிட்டிருந்தார். மழையில் சிக்னல் இல்லை. பணம் சுற்றிக்கொண்டே இருந்தது, போகவில்லை. கையில் இருந்த நோட்டு கொஞ்சம் குறைந்தது. "அடுத்த தடவை வரும்போது குடுங்க சார்" என்று பையை நீட்டினார். எழுதிக்கொள்ளவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பேரன் கூட வர வேண்டும் என்று அடம் பிடித்தான். அந்த ஆறு ரூபாய் டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டான், அதே கண்டக்டர் இருப்பார் என்று. அவர் இல்லை.

ஒரு வேண்டுகோள். தாத்தாவின் சீட்டு ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது, அரையணா. குற்றாலம், இலஞ்சி, காசிமேசர்புரம், மேலகரம் பக்கத்துக் குடும்பங்களில் பழைய பெட்டிகளைத் துழாவினால், சுழி போட்ட காலண்டர் அட்டை ஏதாவது அகப்படலாம். அகப்பட்டால் படம் எடுத்து அனுப்புங்கள். எழுத்து அழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஊதாக் கறை தெரிந்தால் போதும். எழுதியிருக்கும் தொகைக்கு நான் கடன்பட்டவன். எத்தனை என்பதை நீங்கள் சொன்னால் சரி.